பைபாஸின் நிறம்

பென்னலூர்,
12 பிப்ரவரி 2008

அன்புத் தம்பி ஜெபர்சனுக்கு,

அக்கா அருள்மேரி எழுதுவது. மாதாவின் தயவால் நானும் உன் மாமாவும் நன்றாக இருக்கிறோம். அந்தப் பனியில் உன் உடம்பு எப்படி இருக்கிறது? உன் முகாமுக்கு போன் வராது என்பதால் எல்லாவற்றையும் சேர்த்து வைத்து எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

பவளம் குட்டி போட்டுவிட்டாள். ஆண் குட்டி. ஞாயிற்றுக்கிழமை முதல் பூசைக்கு மணி அடித்துக்கொண்டிருந்தபோது பிறந்தது. தாயும் பிள்ளையும் சுகம். சீக்கிரமே எழுந்து நின்று பால் குடித்தது. நான் அழுதேன், உன் மாமா சிரித்தார்.

வம்பு நிறத்தில் வந்தது. பவளம் நல்ல செவலை, உனக்கே தெரியும். தகப்பன் வல்லம் வடகால் ஊர்க் கோதண்டராமனுடைய முத்து, பால் வெள்ளை. இந்த இரண்டையும் ஜோடியாகப் பூட்டித்தான் இத்தனை வருஷம் கல்யாண ஊர்வலங்களுக்கு சாரட்டு ஓட்டினோம். சாரட்டும் வெள்ளைக் குதிரையும் அவருடையவை, செவலை நம்முடையது. குட்டி வெள்ளையாகப் பிறக்கும், இனிமேல் வெள்ளைக்கு வெள்ளை ஜோடி பூட்டுவேன் என்று அவர் ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார். பிறந்ததோ ஏரி மணல் நிறம். பிடரியும் வாலும் கருப்பு. பிடரியிலிருந்து வால் வரை முதுகின் நடுவில் மை தொட்டு இழுத்த மாதிரி ஒரு கருங்கோடு. கால் முட்டிகளைச் சுற்றி மங்கலாக வரிகள்.

கோதண்டராமன் வந்து பார்த்தார். கொட்டகைக்குள் கால் வைக்கவில்லை. நேரே கூட்டுரோடு கிளியம்மாள் டீக்கடைக்குப் போய், ஷிப்ட் முடிந்து வந்தவர்கள் எல்லாரும் கேட்கும்படி சொல்லியிருக்கிறார்: "அது என் முத்துக்குப் பொறந்தது இல்ல. ஏரிக்கரையில மேயுற கழுதைக்குப் பொறந்தது. முதுவுல கோடு கீது பாரு, கழுதைக்குத்தான் அப்டி இருக்கும்."

கழுதை சேர்ந்த குதிரையோடு என் குதிரையைப் பூட்ட மாட்டேன் என்று ஜோடியையும் பிரித்துவிட்டார். ஒப்புக்கொண்ட பங்குனிக் கல்யாணங்கள் அத்தனையும் போயிற்று.

பவளத்தை நான் ஏரிக்கரைப் பக்கம் விட்டதே இல்லை. எனக்குத் தெரிந்தால் போதாது, ஊருக்குத் தெரிய வேண்டும். ஆறு வருஷமாகப் பட்டாளத்தில் கோவேறு கழுதைகளோடுதானே இருக்கிறாய். இந்தக் கோடு எங்கிருந்து வந்தது என்று விசாரித்து எழுது.

காலுறையை ஈரத்தோடு போடாதே. வேளைக்குச் சாப்பிடு.

உன் அக்கா
அருள்மேரி

*

லடாக்,
3 மார்ச் 2008

அன்புள்ள அக்கா, மாமா இருவருக்கும்,

ஜெபர்சனின் வணக்கம். நான் நலம். என் பொறுப்பில் இருக்கும் கோவேறு கழுதை மேஜரும் நலம். அதற்கு நான் வைத்த பெயர் அது என்பது எங்கள் நிஜ மேஜருக்கு இன்னும் தெரியாது. இங்கே இன்னும் பனிதான். கண்ணுக்கு எட்டிய தூரம் ஒரு மரம் இல்லை. மலை மேல் காவல் சாவடிகளுக்கு அரிசியும் மண்ணெண்ணெயும் எங்கள் மிருகங்களின் முதுகில்தான் ஏறிப் போகின்றன.

உன் கடிதத்தை எங்கள் கால்நடை டாக்டருக்கு வாசித்துக் காட்டினேன். கோட்டயத்துக்காரர். தமிழ் முக்கால்வாசி புரிந்தது என்றார். குட்டியின் நிறத்தைச் சொன்னதும் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். அவர் சொன்னதை எனக்குப் புரிந்தபடி எழுதுகிறேன்.

கழுதையா என்பதை முதலில் பார்த்துவிடு. காது நீளமா, வால் மொட்டையா என்று பார். பிறகு பின்னங்கால்களின் உட்புறத்தில், முட்டிக்குக் கீழே, நகம் போல ஒரு காய்ப்பு இருக்கிறதா என்று தடவிப் பார். குதிரைக்கு நாலு காலிலும் அது உண்டு. கழுதைக்கு முன்கால்களில் மட்டும்தான். கோவேறு கழுதைக்கும் பின்னங்காலில் பெரும்பாலும் இருக்காது.

அடுத்தது கோடு. பல குட்டிகள் முதுகில் நிழல் மாதிரி ஒரு கோட்டோடு பிறக்கும். மூன்று நான்கு மாதத்தில் பிறவி மயிர் உதிரும்போது அதுவும் போய்விடும். அப்படிப் போனால் பேச்சே இல்லை. ஆனால் விளிம்பு தெளிவாக வாலுக்குள் இறங்கி, மணல் நிறமும் கால் வரியும் சேர்ந்திருந்தால் அது நிலைக்கிற கோடு. அந்த நிறம் தாய் தகப்பன் இருவரில் ஒருவருக்கு இருந்தே ஆக வேண்டும். நடுவில் ஒரு தலைமுறை ஒளிந்திருந்து வருகிற நிறம் இல்லை அது. பவளத்துக்கு அது இல்லை. அப்படியானால் தகப்பனுக்கு இருக்கிறது.

முத்து வெள்ளையாயிற்றே என்பாய். அநேகமாக எந்த வெள்ளைக் குதிரையும் வெள்ளையாகப் பிறப்பதில்லை அக்கா. கருப்பாகவோ செவலையாகவோ மணலாகவோ பிறந்து, வருஷா வருஷம் நரைத்து வெள்ளையாகிறது. சுவருக்குச் சுண்ணாம்பு அடித்த மாதிரி, அடியில் என்ன நிறம் என்று யாருக்கும் தெரியாது. ஆனால் பிள்ளைக்குக் கொடுக்கும்போது அடியில் இருப்பதையும் கொடுக்கும். முத்து குட்டியாக இருந்தபோது என்ன நிறம் என்று கோதண்டராமனிடம் கேள்.

மாமாவுக்கு என் அன்பு. குட்டியைத் தடவிக் கொடுத்ததாகச் சொல்.

தம்பி
ஜெபர்சன்

*

பென்னலூர்,
20 மார்ச் 2008

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதம் கண்டு தெம்பு வந்தது. இங்கே எல்லோரும் சுகம். வெயில் இப்போதே மண்டையைப் பிளக்கிறது.

உன் மாமா கம்பெனியில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிவிட்டு வந்த களைப்போடு குட்டியைப் பிடித்துக்கொண்டார், நான் காலைத் தடவினேன். நாலு காலிலும் இருக்கிறது. காது சின்னது. வால் கருகருவென்று தொங்குகிறது. அன்றைக்கே கோதண்டராமன் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். அவர் சளைக்கவில்லை. "கழுத இல்லன்னா வேற எவன் குதிரையோ. எனக்கு இன்னா தெரியும்? ஷூட்டிங் குதிரைங்க இந்த வழியாத்தான் லாரில போவுது" என்றார். முத்து சின்னதில் என்ன நிறம் என்று கேட்டதற்கு முகத்தைத் திருப்பிக்கொண்டார். அந்தியூர்ச் சந்தையில் வாங்கும்போதே பத்து வயசு, அப்போதே மல்லிகைப் பூவாகத்தான் இருந்தது என்று அவர் மனைவி ராஜம்மா சொன்னாள்.

ஜோடி போனால் என்ன, ஒற்றைக் குதிரைக்கும் கிராக்கி இருக்கிறது. மாப்பிள்ளை ஏறுகிற குதிரையாகப் பவளத்தை அனுப்புகிறேன். உன் மாமாவுக்கு ஷிப்ட் என்றால் நானே பிடித்துக்கொண்டு போகிறேன். போன வாரம் மண்ணூரில் மாப்பிள்ளையின் சித்தப்பா வழிமறித்து, "பொம்பள புடிச்சிக்கினு வந்தா குதிரை அடங்குமா?" என்றார். "குதிரை அடங்கும், மாப்ளைய நீங்க பாத்துக்கோங்க" என்றேன். பேண்டு வாசிக்கிறவர்கள் சிரித்துவிட்டார்கள். ஊர்வலம் நன்றாகவே நடந்தது. உன் அக்காவுக்குக் கால்தான் வலித்தது.

குட்டிக்குப் பெயர் வைத்தாயிற்று. நம் பின்கட்டில் வாடகைக்கு இருக்கிற கோவில்பட்டிப் பெண் தங்கமாரி, போன் கம்பெனியில் வேலை, குட்டியைப் பார்த்ததும், "என்னக்கா இது, புதுசா போடுத ஒரகடம் பைபாஸ் ரோடு மாதிரில்லா நடுவுல கோடு போட்டிருக்கு" என்றாள். அன்றிலிருந்து பைபாஸ். கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிறது.

தகப்பன் முத்துதான் என்று நிரூபிக்க வேறு வழி இருக்கிறதா? டாக்டரைக் கேள்.

அக்கா

*

லடாக்,
8 ஏப்ரல் 2008

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், நலமே விழைகிறேன். பைபாஸ் என்ற பெயரை இங்கே எல்லோருக்கும் சொல்லியாயிற்று. என்னோடு வேலை பார்க்கும் இசக்கியப்பன், வள்ளியூர்க்காரன், தினமும் "பைபாஸ் எப்படி இருக்கு?" என்று கேட்கிறான்.

வழி இருக்கிறது. நரைக்கிற குணமும் அந்தக் கோட்டைப் போலத்தான். தாய் தகப்பனில் ஒருவர் நரைத்தவராக இருந்தால்தான் பிள்ளை நரைக்கும். பவளம் நரைக்கவில்லை. அந்தச் சுற்றுவட்டாரத்தில் வெள்ளை ஆண்குதிரை முத்து ஒன்றுதான். ஆகவே பைபாஸ் நரைக்கத் தொடங்கினால் வழக்கு முடிந்தது. முதலில் கண்ணைச் சுற்றித் தெரியுமாம். பிறவி மயிர் உதிர்ந்து புது மயிர் வரும்போது, மூக்குக்கண்ணாடி போட்ட மாதிரி வெள்ளை வளையம்.

ஆனால் ஒன்று. தகப்பனிடமிருந்து அந்தக் குணம் எல்லாப் பிள்ளைக்கும் வருமென்று சொல்ல முடியாது. பாதிக்குப் பாதி என்கிறார் டாக்டர். வராவிட்டால் பைபாஸ் முத்துவின் பிள்ளை இல்லை என்று அர்த்தமில்லை. நிரூபிக்க வழியில்லை, அவ்வளவுதான். அதனால் இப்போதே டீக்கடையில் சவால் விட்டுவிடாதே. உன்னை எனக்குத் தெரியும்.

அடுத்த வாரம் மேல் சாவடிக்குச் சுமை கொண்டு போகிறோம். மே கடைசியில் லீவு கேட்டிருக்கிறேன். வரும்போது உனக்கு இந்த ஊர் உலர்ந்த பழம் கொண்டு வருகிறேன்.

தம்பி
ஜெபர்சன்

*

பென்னலூர்,
12 மே 2008

அன்புத் தம்பிக்கு,

இரண்டு கடிதம் போட்டேன், பதில் இல்லை. மலையில் தபால் தாமதமாகும் என்று உன் மாமா சொல்கிறார். ஆகட்டும்.

பைபாஸுக்கு மயிர் உதிர்கிறது. கையை வைத்தால் கொத்துக் கொத்தாக வருகிறது. கோடு போகவில்லை. பழைய மயிர் போன இடத்தில் இன்னும் கருப்பாக, இன்னும் தெளிவாக இருக்கிறது. டாக்டர் சொன்னது சரி. கண்ணைச் சுற்றி மட்டும் ஒன்றும் காணோம். தினமும் காலையில் தாடையைப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்க்கிறேன். அதுவும் பழகிவிட்டது, நான் கிட்டே போனதும் தானே முகத்தை நீட்டுகிறது.

சவால் விடாதே என்று எழுதியிருந்தாய். உன் கடிதம் வருவதற்கு முதல் நாள் விட்டுவிட்டேன். இந்தக் குட்டி முத்துவின் பிள்ளை என்று இதே டீக்கடையில் அவர் வாயாலேயே சொல்ல வைக்கிறேன் என்று கிளியம்மாளிடம் சொன்னேன். கிளியம்மாளிடம் சொன்னால் மாவட்டத்துக்கே சொன்ன மாதிரி. பாதிக்குப் பாதி என்றால் எனக்குப் போதும்.

லீவு கிடைத்ததா? ரயில் என்றைக்கு? எழுது.

அக்கா

*

2 ஜூன் 2008

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். பதில் தாமதமானதற்கு மன்னித்துக்கொள். வேலை அதிகம். லீவு இப்போது இல்லை என்றாகிவிட்டது. எழுத்து கோணலாக இருக்கும், பேனா சரியில்லை.

சவாலைப் படித்துச் சிரித்தேன். நீ விடாமல் இருந்திருந்தால்தான் ஆச்சரியம்.

பைபாஸைப் பற்றி நிறைய எழுது அக்கா. எப்படி ஓடுகிறது, தாயை விட்டு எவ்வளவு தூரம் போகிறது, தலையில் கயிறு போட விடுகிறதா, எல்லாம் எழுது. இங்கே ஜன்னலுக்கு வெளியே ஒரு அரச மரம் இருக்கிறது. சாயங்காலமானால் கிளிகள் வந்து காதைத் துளைக்கின்றன. அந்த நேரத்தில் உன் கடிதங்களை எடுத்துப் படிக்கிறேன்.

மாமாவைக் கேட்டதாகச் சொல்.

ஜெபர்சன்

*

பென்னலூர்,
25 ஜூன் 2008

அன்புத் தம்பிக்கு,

நாங்கள் சுகம். நீ சுகமா? மரமே இல்லாத ஊரில் அரச மரம் எப்போது முளைத்தது? மேஜர் எப்படி இருக்கிறது? போன கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

நீ கேட்டபடி நிறையவே எழுதுகிறேன், எழுதுவதற்கும் நடந்திருக்கிறது. கோதண்டராமன் புதிதாக ஒரு பெட்டைக்குதிரை வாங்கினார். அதுவும் வெள்ளை. முத்துவோடு ஜோடி பூட்டி வைகாசிக் கல்யாணத்துக்கு ஓட்டினார். முத்துவுக்கு அது பிடிக்கவில்லை. பெண்ணும் மாப்பிள்ளையும் சாரட்டில் உட்கார்ந்திருக்க, நம் தெரு முனை வந்ததும் முத்து நின்றுவிட்டது. சாட்டையைக் காட்டிப் பார்த்தார். அது இடது பக்கம் திரும்பி, புதுக்குதிரையையும் சாரட்டையும் இழுத்துக்கொண்டு நேரே நம் கொட்டகை வாசலுக்கு வந்து கனைத்தது. உள்ளேயிருந்து பவளம் கனைத்தாள். பின்னாலேயே பேண்டுக்காரர்கள் வாசித்துக்கொண்டே வந்துவிட்டார்கள். கல்யாணம் நம் வீட்டில்தானோ என்று தங்கமாரி வெளியே ஓடி வந்து பார்த்தாள்.

மணப்பெண் தண்ணீர் கேட்டாள், கொடுத்தேன். முத்துவுக்கும் ஒரு வாளி வைத்தேன். கோதண்டராமன் ஆசனத்திலிருந்து இறங்கவில்லை, என் முகத்தையும் பார்க்கவில்லை. வேலிக்குள் நின்ற பைபாஸை மட்டும் வெகுநேரம் பார்த்தார். வண்டியைத் திருப்பிக்கொண்டு போகும்போது, "வளர்ந்துட்டான்" என்றார்.

தலைக்கயிறு போட்டாயிற்று. முதல் நாள் என்னை வைக்கோல் போர் வரை இழுத்துக்கொண்டு போனது. இப்போது கூடவே நடக்கிறது.

மரத்தைப் பற்றிக் கேட்டேன், மறந்துவிடாதே.

அக்கா

*

16 ஜூலை 2008

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். வேறு முகாமுக்கு மாற்றியிருக்கிறார்கள், அதனால்தான் மரம். மேஜர் பழைய முகாமிலேயே இருக்கிறது. நன்றாக இருப்பதாகச் சேதி.

சாரட்டு நம் வாசலுக்கு வந்த கதையை இங்கே பக்கத்துக் கட்டிலில் இருப்பவர்களுக்கு இந்தியில் சொன்னேன். சிரித்துச் சிரித்து ஒருவருக்குத் தையல் வலிக்க ஆரம்பித்துவிட்டது.

கண்ணைப் பார்த்துக்கொண்டே இரு. டாக்டர் ஆறு மாதம் வரை பொறுக்கச் சொன்னார்.

ஜெபர்சன்

*

பென்னலூர்,
30 ஆகஸ்ட் 2008

அன்புத் தம்பி ஜெபர்சனுக்கு,

எல்லோரும் நலம். வேளாங்கண்ணி கொடியேறிவிட்டது, சாலையெல்லாம் காவி கட்டி நடக்கிறவர்கள். உனக்காகவும் ஒரு மெழுகுவர்த்தி கொடுத்தனுப்பியிருக்கிறேன்.

வந்துவிட்டதடா. ஜூலை கடைசியில் வலது கண்ணோரத்தில் நாலைந்து வெள்ளை மயிர் பார்த்தேன். கண்ணீர் காய்ந்த உப்பாக இருக்கும் என்று நினைத்துத் துணி நனைத்துத் துடைத்தேன், போகவில்லை. யாரிடமும் சொல்லவில்லை, உன் மாமாவிடம் கூட. இப்போது இரண்டு கண்ணையும் சுற்றி முழு வளையம். மணல் முகத்தில் வெள்ளைக் கண்ணாடி போட்டுக்கொண்டு ஹெட்மாஸ்டர் மாதிரி பார்க்கிறது.

நேற்றுச் சாயங்காலம், பகல் ஷிப்ட் விட்டு பஸ்கள் கூட்டுரோட்டில் நிற்கிற நேரம், பைபாஸைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு கிளியம்மாள் கடைக்கு நடந்தேன். பஸ் சத்தத்துக்குக் காதை அடித்துக்கொண்டதே தவிர மிரளவில்லை. கோதண்டராமன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். நீ எழுதியதை எழுதியபடியே சொன்னேன். வெள்ளைக் குதிரை எப்படிப் பிறக்கும், எப்படி நரைக்கும், நரைக்க வேண்டுமானால் யார் கொடுக்க வேண்டும் என்பதெல்லாம். பஸ்ஸிலிருந்து இறங்கினவர்கள் சுற்றி நின்றுவிட்டார்கள்.

அவர் டீயைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்தார். விரலில் எச்சில் தொட்டு அந்த வளையத்தைத் தேய்த்தார். நான் சுண்ணாம்பு பூசியிருப்பேன் என்று சந்தேகம். விரலைப் பார்த்தார், ஒன்றும் ஒட்டவில்லை. இன்னொரு கண்ணையும் தேய்த்தார். பிறகு அந்தக் கையை அதன் கழுத்திலேயே வைத்துக்கொண்டார்.

"அந்தியூர்ல முத்துவ வாங்கச் சொல்லோ, பக்கத்துல அதோட ஆத்தாவ கட்டி வெச்சிருந்தான்" என்றார். "இதே மண்ணு கலரு. இதே கோடு. வெள்ளை ஆண்குதிரைக்குப் போட்ட குட்டின்னுதான் வித்தவன் சொன்னான். எனக்கு வெள்ளை ஒண்ணுதான் கண்ல பட்டுச்சி. மண்ணு கலரு குதிரைக்குப் பொறந்ததுன்னு தெரிஞ்சா முத்துவ எளக்காரமா பேசுவாங்கோன்னு ராஜம்மாகிட்ட கூட சொல்லல."

"அப்ப இவன் யாரு புள்ள?" என்று கேட்டேன்.

"என் முத்துவோட புள்ள" என்றார், எல்லோருக்கும் கேட்கும்படி. "நான் பேசினது தப்பு, அருளு. கழுதைன்னு சொல்லியிருக்கக் கூடாது."

எனக்கு அது போதும். கிளியம்மாளுக்குப் போதவில்லை, ஆறு மாதமாக அவர் கழுதை கழுதை என்று சொன்னதையெல்லாம் நடித்துக் காட்டிக்கொண்டிருந்தாள். குட்டி நாளாக நாளாக வெள்ளையாகிவிடும் என்றதும் கோதண்டராமனுக்குக் கண் மின்னியது. எனக்கே கொடுத்துவிடு என்றார். கொடுக்க மாட்டேன், என் கொட்டகையில்தான் வளரும், ஜோடி வேண்டுமானால் பவளத்தோடு பழையபடி பூட்டுங்கள், இவன் வளர்ந்ததும் பார்க்கலாம் என்றேன். ஆவணி முகூர்த்தத்துக்கே பூட்டலாம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

இனி உன் சங்கதி.

ஆடி மாதம் உன்னோடு வேலை பார்க்கிற இசக்கியப்பன் லீவில் ஊருக்குப் போகிற வழியில் இங்கே வந்தான். நீ ஏப்ரலிலேயே எனக்காக வாங்கி வைத்திருந்த உலர்ந்த பழத்தைக் கொடுத்தான். உட்கார்ந்ததும், "அண்ணனுக்கு இப்ப கால் எப்படி இருக்குக்கா?" என்றான். எனக்குத் தெரியும் என்று நினைத்துத்தான் கேட்டான். "பரவாயில்லை தம்பி" என்று சொல்லிவிட்டு, சமையலறைக்குள் போய் அடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பிறகு வந்து அவனுக்குச் சாப்பாடு போட்டேன். அவன் பேசப் பேசக் கேட்டுக்கொண்டேன்.

இத்தனை நாள் நான் கேட்காமல் இருந்தது கோபத்தால் இல்லை. நீயே சொல்வாய் என்று காத்திருந்தேன். காத்திருந்தது போதும் ஜெபர்சா. நடந்ததை எழுது.

அக்கா

*

ராணுவ ஆஸ்பத்திரி,
சண்டிகர் அருகில்,
18 செப்டம்பர் 2008

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தின் முதல் பாதியை வார்டு முழுவதற்கும் படித்துக் காட்டினேன், கைதட்டினார்கள். இரண்டாவது பாதியைத் தனியாகப் படித்தேன்.

மேல் சாவடிக்குப் போன வழியில் பனி இளகியிருந்தது. மேஜரின் பின்னங்கால் விளிம்பில் சறுக்கியது. கயிற்றை விட்டுவிட வேண்டும் என்பதுதான் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருப்பது. நான் விடவில்லை. இரண்டு பேரும் சேர்ந்து சரிவில் போனோம். என் இடது முட்டி ஒரு பாறைக்கும் சுமைப்பெட்டிக்கும் நடுவில் மாட்டியது. மேஜர் எழுந்து, உதறிக்கொண்டு, தானே மேலே ஏறிப் போய்விட்டதாம். அதற்கு ஒரு கீறல் கூட இல்லை. அது உண்மையிலேயே நன்றாக இருக்கிறது, அதில் நான் பொய் சொல்லவில்லை.

மூன்று தடவை ஆபரேஷன் செய்தார்கள். உள்ளே கம்பி வைத்திருக்கிறார்கள். முட்டி இனி மடங்காது. மலைக்குத் தகுதி இல்லை என்று எழுதிவிட்டார்கள். பென்ஷன் கொடுத்து வீட்டுக்கு அனுப்பப் போகிறார்கள்.

உனக்கு ஏன் சொல்லவில்லை என்றால், சொன்னால் நீ ரயிலேறி வந்துவிடுவாய். பவளத்தையும் குட்டியையும் அந்த வம்பையும் அப்படியே விட்டுவிட்டு வருவாய். அது ஒன்று. இன்னொன்று, உன் கடிதங்களில் எல்லோரும் நடக்கிறார்கள், ஓடுகிறார்கள், வைக்கோல் போர் வரை இழுத்துக்கொண்டு போகிறார்கள். அதைப் படிக்கிற நேரத்தில் எனக்கும் கால் சரியாக இருந்தது. என் சேதி போய்ச் சேர்ந்தால் நீ அப்படி எழுதுவதை நிறுத்திவிடுவாய் என்று பயந்தேன்.

வந்து என்ன செய்யப் போகிறேன் என்று தெரியவில்லை அக்கா. எனக்குத் தெரிந்ததெல்லாம் மிருகத்தின் கூடவே நடப்பது. ஊன்றுகோலோடு எந்த ஊர்வலத்தில் நடக்க முடியும்?

அக்டோபர் கடைசியில் விடுவார்கள்.

தம்பி
ஜெபர்சன்

*

பென்னலூர்,
6 அக்டோபர் 2008

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதத்தை உன் மாமாவும் நானும் சேர்ந்து படித்தோம். கயிற்றை விடாததற்கு அவர் உன்னைத் திட்டினார், பிறகு முகம் கழுவப் போய் வெகுநேரம் வரவில்லை. நான் திட்டவில்லை. நானாக இருந்தாலும் விட்டிருக்க மாட்டேன்.

என்ன செய்யப் போகிறேன் என்று எழுதியிருக்கிறாய். சாரட்டு ஓட்டுகிறவன் நடப்பதில்லை, உட்கார்ந்திருக்கிறான். மூன்று வருஷத்தில் பைபாஸை வண்டிக்குப் பழக்க வேண்டும். அதற்கு எனக்குக் கை வலு பற்றாது, உன் மாமாவுக்கு ஷிப்ட், கோதண்டராமனுக்குப் பொறுமை கிடையாது. அவரே நேற்று, "தம்பி எப்ப வர்றாரு?" என்று கேட்டார். வெள்ளைக் குதிரை வெள்ளையாகப் பிறக்காது என்ற விஷயத்தை இப்போது அவர்தான் டீக்கடையில் எல்லோருக்கும் சொல்லிக் கொடுக்கிறார், அவரே கண்டுபிடித்த மாதிரி. நானும் விட்டுவிட்டேன்.

நடக்கிறதையும் ஓடுகிறதையும் எழுதுவதை நான் நிறுத்துவேன் என்று யார் சொன்னது? பைபாஸ் இன்று காலை வேலியைத் தாண்டி அண்ணாதுரை வீட்டுக் கீரைப்பாத்தியில் நின்றது. துரத்திக்கொண்டு ஓடியதில் எனக்கு ஒரு செருப்பு அறுந்துவிட்டது. நெற்றியிலும் இப்போது நரை தொடங்கியிருக்கிறது. கோடு மட்டும் அப்படியே இருக்கிறது. அதுவும் நாளடைவில் மறையும் என்று நினைத்தால் எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். அதற்குள் நீ வந்துவிடுவாய், பார்த்துவிடுவாய்.

கொட்டகைக்குப் பக்கத்து அறையை உனக்கு ஒழித்துவிட்டோம். ஜன்னலைத் திறந்தால் குதிரைகளின் முகம் தெரியும். வாசலில் இருந்த இரண்டு படிகளையும் உன் மாமா ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து இடித்து, சிமெண்ட் போட்டுச் சரிவாகப் பூசினார். காய்வதற்குள் பைபாஸ் அதன்மேல் ஏறி வந்து எட்டிப் பார்த்துவிட்டது. மேலிருந்து கீழ் வரை குளம்புத் தடம். நான் கரண்டியை எடுத்து மெழுகப் போனேன், உன் மாமா தடுத்துவிட்டார். அப்படியே இருக்கட்டும், ஊன்றுகோல் வழுக்காது என்கிறார்.

ரயில் நம்பரை எழுது.

உன் அக்கா
அருள்மேரி